எஃபி புகழ்ந்த ஸ்கோன்கள்

கிளென் டார்வியில் யாரையும் முகத்துக்கு நேரே புகழ்கிற வழக்கம் கிடையாது. ஸ்காட்லாந்து முழுக்கவே அப்படித்தான் என்பார்கள்; எங்கள் பள்ளத்தாக்கில் அது கொஞ்சம் முற்றிப்போய்விட்டது. கல்யாணப் பெண்ணைப் பார்த்து, "மோசமில்ல" என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுடைய அம்மா ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடப்பாள். வாயாரப் புகழ்வதெல்லாம் செத்துப்போனவர்களுக்கு, அல்லது இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடப்பவர்களுக்கு.

அதனால்தான், நவம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை, ஊர்க்கூடத்தில் குளிர்காலப் புதன்தோறும் எல்லாரும் கூடும் தேநீரின்போது, மேட்டுப்பண்ணை எஃபி லவுனி ஒரு ஸ்கோனை, டீயோடு தின்கிற அந்தக் குட்டி வட்ட ரொட்டியைக் கடித்து, நெடுநேரம் மென்று, ஒரு வழியாக விழுங்கிவிட்டு, "நெட்டா, பிரமாதம்" என்று சொன்னதும் நெட்டா கார்கில் பயந்துபோனாள்.

எஃபி அப்படிச் சொல்கிற ஆளே இல்லை. நெட்டா இந்தப் பள்ளத்தாக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவ்வளவு காலத்தில் எஃபி வாயிலிருந்து வந்ததெல்லாம், "உப்பு ஒரு கல்லு கம்மி", "போன வாரம் இதைவிடத் தேவலாம்", "ஓரம் லேசா கருகலோ?" இவைதான். நெட்டாவின் ஸ்கோனைப் பற்றிக் குறை சொல்வது எஃபிக்கு ஒரு வேலை. அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதுபோல ஒழுங்காகச் செய்துவந்தாள்.

நெட்டா கடலோரத்துப் பெண். அவளுடைய அப்பா மீனைப் புகை போட்டு விற்றவர். மலையில் ஆடு மேய்க்கிற வாட்டி கார்கிலை ஒரு சந்தையில் பார்த்து, பிடித்துப்போய், கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த முதல் குளிர்காலத்தில், ஊர்க்கூடத்துத் தேநீருக்குப் புதுப்பெண்ணும் ஏதாவது சுட்டுக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். நெட்டா ஸ்கோன் சுட்டாள். அதில் ஒன்றை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "காத்துக்குக் கதவு அடிச்சுக்குது, இதை முட்டுக் கொடுங்க" என்று சொன்னவள் இதே எஃபிதான். கூடமே சிரித்தது. நெட்டாவும் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதாள்.

அழுது முடித்த கையோடு பிடிவாதம் வந்தது. அந்த வருஷம் கார்கில் வீட்டுக் கோழிகள் ஸ்கோன் தின்றே கொழுத்தன. மைதாவில் வெண்ணெயை உதிர்க்கும்போது உள்ளங்கை படக்கூடாது, விரல் நுனிதான். மோரை ஊற்றியபின் மாவைப் பிசையவே கூடாது, சேர்த்துப் பிடித்தால் போதும். வட்ட அச்சை நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும், திருகினால் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு எழும்பும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கோழிகள்தான் சாட்சி. மூன்றாவது குளிர்காலத்திலிருந்து புதன்கிழமை ஸ்கோன் என்றால் நெட்டாதான் என்று ஆகிவிட்டது. தபால் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும் வேலை அவளுக்குச் சம்பளம் தந்தது. அவளை இந்த ஊர்க்காரியாக்கியது ஸ்கோன்.

அதில் ஒரு சூட்சுமம் மோர். பண்ணைப் பாலை வாங்கி, அது தானாகப் புளிக்கும்வரை பின்கட்டில் வைத்திருப்பாள். ஒரு வாரம் புளிப்புத் தூக்கலாக இருக்கும், இன்னொரு வாரம் சும்மா பேருக்குப் புளித்திருக்கும். புளிப்புக்குத் தக்க சமையல் சோடா போட வேண்டும். நெட்டா கரண்டி வைத்து அளக்கிற வழக்கமில்லை. ஜாடியின் மேல் குனிந்து ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள், கை தானாகச் சோடாவை எடுக்கும்.

அந்த நவம்பர் நடுவில் ஃப்ளூ காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தாள். எழுந்தபோது மூக்கு போயிருந்தது. வாட்டியின் குழாய்ப் புகையிலை நாற்றம்கூடத் தெரியவில்லை. முதல் நாள் அதை நிம்மதி என்றே நினைத்தாள். நாக்கும் கூடவே போயிற்று. ரொட்டியும் கம்பளியும் வாயில் ஒன்றுபோல இருந்தன. இரண்டு நாளில் திரும்பிவிடும், மூன்று நாளில் திரும்பிவிடும் என்று பார்த்தாள், திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. முகர முடியாதவளிடம் ஸ்கோன் கேட்பார்களா? அந்த வேலையை எஃபி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள் என்று தோன்றியது.

ஆகவே அந்தப் புதன்கிழமையும் ஜாடியின் மேல் குனிந்தாள். ஒன்றும் தெரியவில்லை. எழும்பாமல் போய்விட்டால் மானம் போய்விடுமே என்ற பயத்தில் சோடாவைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டாள். ஸ்கோன்கள் ஓவனுக்குள் ஓங்கி எழுந்தன. உள்ளே சற்று மஞ்சள் ஓடியிருந்தது. புது மாவு, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்றை வாட்டியின் தட்டில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"எது?"

"ஸ்கோன்தான், வேற எது?"

வாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வட்டமா இருக்கு" என்றான். பிறகு அதன்மேல் இறைச்சிக்கு ஊற்றுகிற பழுப்புச் சாஸை ஊற்றி, இரண்டே வாயில் முடித்தான். நாற்பது வருஷமாகக் குழாயை வாயிலிருந்து எடுக்காதவனிடம் ருசி கேட்டது தன் தப்பு என்று நெட்டா எழுந்துபோனாள்.

அன்றைக்குத்தான் எஃபி "பிரமாதம்" என்றாள்.

எஃபி மட்டும் சொல்லியிருந்தால், கிழத்துக்கு மூளை குழம்பிவிட்டது என்று விட்டிருக்கலாம். பாதிரியார் மில்ன் கண்ணில் நீர் கோக்க, "இப்படி ஒரு ஸ்கோன் நான் சாப்பிட்டதே இல்ல, அம்மா" என்றார். தபால் நிலையத்து ஜீனா நெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இவ்வளவு கஷ்டப்படணுமா? கொஞ்சம் ஓய்வெடேன்" என்றாள். ஜாம் ஜாடி வழக்கமாக இரண்டு வாரம் வரும். அன்றைக்கே வழித்துத் துடைத்தாயிற்று. அடுத்த புதனும் அப்படியே. அதற்கடுத்த புதனும். பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று நெட்டா கூடத்தைப் பார்ப்பாள். கண்ணாடிகளில் ஆவி படர்ந்திருக்கும், அடுப்பு கணகணவென்று எரியும், எல்லாரும் இவளைப் பார்த்துப் புன்னகை செய்தபடி மெதுவாக, மிக மெதுவாக மென்றுகொண்டிருப்பார்கள். தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் அந்தப் புன்னகை சரியில்லை. சாவு வீட்டில் முன்வரிசையில் உட்காருகிறவர்களின் புன்னகை அது.

வழியில் பார்க்கிறவர்களும் மாறிப்போயிருந்தார்கள். தபாலோடு போனால் வாசலிலேயே நிறுத்தி நாய்க்கதை பேசுகிறவர்கள், உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். கடைக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றது. ஒருநாள் கடை ஜன்னலோரம், "அவகிட்ட யாரு சொல்றது?" என்று ஜீனாவின் குரல் கேட்டது. "நான் மாட்டேம்ப்பா" என்றது ஓர் ஆண் குரல். நெட்டா உள்ளே போனதும், இந்த வருஷம் பனி முன்னாடியே வந்துவிட்டது என்று எல்லாருமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

வண்டியில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர் வந்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். போகும்போது வாசலில் நின்று வாட்டியிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். வாட்டி தலையை ஆட்டினான்.

மூக்கு திரும்பாதது ஏன், ஊரே புகழ்வது ஏன், எஃபி எஃபியாக இல்லாதது ஏன் என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. தான் சாகப்போகிறோம். ஊருக்கெல்லாம் தெரியும், தனக்கு மட்டும் சொல்லவில்லை. நெட்டா வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயது ஒரு வயதா? அதைவிட, யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று வெறுப்பாகவும் இருந்தது.

வேறு ஊராக இருந்தால் நேராக டாக்டரிடம் போய்க் கேட்டிருப்பாள். எங்கள் ஊரில் கேட்க மாட்டார்கள். சொல்லாததைக் கேட்பது, பிறர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது மாதிரி. அன்றிரவு வாட்டியிடம் மட்டும் சுற்றி வளைத்துப் பார்த்தாள்.

"டாக்டர் அன்னிக்கு வாசல்ல என்ன சொன்னாரு?"

வாட்டி யோசித்தான். "எந்த டாக்டர்?"

"எத்தனை டாக்டர் வந்தாங்க இந்த வீட்டுக்கு?"

"அவரா. ஆட்டைப் பத்திக் கேட்டாரு."

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். இப்போது அதுவும் சந்தேகமாகிவிட்டது. தூங்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். இந்த மனுஷனுக்குத் தன் காலுறை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதே. மறுநாளிலிருந்து பாடம் ஆரம்பித்தது. காலுறை இங்கே, வெந்நீர்க் குழாய் உறைந்தால் இப்படி, உருளைக்கிழங்கை இவ்வளவு நேரம். வாட்டி எல்லாவற்றுக்கும் "சரி" என்றான். எதற்கு இதெல்லாம் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதுதான் அவளை இன்னும் உறுதியாக நம்பவைத்தது. அவன் எதையுமே எப்போதும் கேட்டதில்லை என்பது அந்தக் குழப்பத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று.

இப்படியே ஜனவரி வந்தது. ஜனவரி மூன்றாவது புதனில் பெரிய தேநீர். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிளென் ஸ்கார் ஆட்கள் டிராக்டரிலும் வண்டியிலும் வந்து இங்கே தேநீர் குடிப்பார்கள். அடுத்த மாதம் நாங்கள் அங்கே போவோம். விருந்து என்று பெயர், உண்மையில் சண்டைதான். ஸ்கார்காரர்கள் எதைத் தின்றாலும் திரும்பிப்போய் ஒரு வருஷத்துக்கு அதைப் பற்றியே பேசுவார்கள்.

பெரிய தேநீருக்கு இரண்டு நாள் இருக்கும்போது, முழங்கால் பனியில் எஃபி லவுனி கார்கில் வீட்டுக்கு நடந்து வந்தாள். அவள் அந்த வீட்டு வாசலை மிதித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பூட்ஸைக் கழற்றினாள். சமையலறையில் உட்கார்ந்தாள். பனியைப் பற்றிப் பேசினாள். தன் ஆட்டுக் கடாவின் காலைப் பற்றிப் பேசினாள். மறுபடியும் பனிக்கு வந்தாள். நெட்டா டீ ஊற்றி வைத்துவிட்டு, எதிரில் கைகட்டி நின்றாள். ஊர் கடைசியில் எஃபியைத்தான் அனுப்பியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட" என்றாள் எஃபி, கோப்பையைப் பார்த்தபடி.

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா?" எஃபி நிமிர்ந்தாள். "எப்போலேருந்து?"

"நீ 'பிரமாதம்'னு சொன்ன அன்னிக்கே சந்தேகம். டிசம்பர்ல தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமாடி எங்களை இப்படிப் படுத்தின?"

நெட்டாவுக்குக் கோபம் வந்தது. "நான் உங்களைப் படுத்தினேனா? சாகப்போறவ நான். இன்னும் எத்தனை நாளுன்னாவது சொல்லித் தொலையேன்."

எஃபி கோப்பையை வைத்தாள். "யாரு சாகப்போறா?"

"நான்!"

"உனக்கென்ன வந்துச்சு?"

"அதைத்தானே நான் கேக்கறேன்!"

எஃபியின் முகத்தில் நிஜமான பயம் தெரிந்தது. "நெட்டா, நீ உக்காரு முதல்ல. டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"என்கிட்ட சொல்லல. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிருக்காரு. இல்லன்னா நீங்க எதுக்கு என் ஸ்கோனைப் புகழறீங்க?"

எஃபி கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் ஸ்கோன் சோப்பு மாதிரி இருக்குடி" என்றாள். "நவம்பர்லேருந்து. வாய்ல வெச்சா நுரை வராத குறைதான். என் நாய் அதை மோந்து பாத்துட்டு வேற ரூமுக்குப் போயிருச்சு. காய்ச்சல்லேருந்து இப்பத்தானே எழுந்தா, முகம் வேற வெளுத்துக் கிடக்குன்னு முதல் வாரம் யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது வாரம் எப்படிச் சொல்றது? 'போன வாரம் பிரமாதம்னியே'ன்னு கேப்ப. அப்படியே போயிருச்சு. இப்ப ஸ்கார்காரனுங்க வரானுங்க. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். நான் மாட்டிக்கிட்டேன்."

நெட்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது சந்தோஷமா, வெட்கமா, ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது; மூன்றும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. சாகவில்லை. ஆனால் ஊருக்கே இரண்டு மாதம் சோப்பு ஊட்டியிருக்கிறாள். அதை இந்தப் படுபாவிகள் சிரித்துக்கொண்டே தின்றிருக்கிறார்கள்.

"மோந்தா ஒண்ணும் தெரியல எஃபி" என்றாள் கடைசியில். "மோர் புளிச்சிருக்கா இல்லையான்னே தெரியல. நாக்கும் போச்சு. நீ வந்து ஓவனைப் பிடுங்கிக்குவியோன்னு சொல்லாம இருந்துட்டேன்."

"உன் ஓவனை வெச்சு நான் என்ன பண்றது? எனக்கு ஸ்கோன் சுட வராதே."

அது நெட்டாவுக்குப் புதிய செய்தி. "வராதா?"

"வராது. என் வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் சொல்லிக்காட்டுவாரு. நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லத்தான் எனக்கு வரும்."

நெட்டாவுக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. "அவ்வளவு கண்றாவியா இருந்தா தட்டு எப்படிக் காலியா வந்துச்சு?"

எஃபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ அந்த ஜன்னல்கிட்ட நின்னு தட்டையே பாத்துட்டு இருந்த. பாதிரியார் ஒண்ணுக்கு மேல முடியாதுன்னுட்டாரு. ஜீனா பையில போட்டுக்கிட்டு போனா. மிச்சத்தை யாராவது திங்கணும்ல?"

"எத்தனை தின்ன?"

"அதை விடு. ராத்திரி முழுக்க வயித்துல தண்ணிப் பானை மாதிரி சத்தம்."

புதன்கிழமை காலையில் எஃபி இருட்டோடு வந்துவிட்டாள். நெட்டா மாவில் வெண்ணெயை உதிர்த்தாள். எஃபி மோர் ஜாடிக்குள் மூக்கை விட்டாள். "லேசா இருக்கு. போன வருஷம் ஜனவரியில இருந்த மாதிரி." நெட்டாவின் கை சோடா டப்பாவுக்குப் போயிற்று. "கொஞ்சம் எடு. இன்னும் கம்மி. போதும், போதும்னா விடேன், கடல்காரப் பிடிவாதம்!" இரண்டு பேரும் அந்தக் காலை முழுக்கச் சண்டை போட்டார்கள். வாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, காலுறையைத் தானே எடுத்துக்கொண்டு, ஆடுகளிடம் போய்விட்டான்.

ஸ்கார்காரர்கள் பெரும்கூட்டமாக வந்தார்கள். எஃபி பெரிய டீக் கொதிகலன் பக்கம் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு கோப்பையாக ஊற்றி ஊற்றிக் கொடுத்தும் வரிசை குறையவில்லை. நெட்டா பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். காலையில் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்திருந்தாள், அதே கம்பளிதான். எஃபி ருசி பார்க்க மறுத்துவிட்டாள். "சாயங்காலம் எல்லாரோடயும் சூடா டீ வெச்சுக்கிட்டுத் தின்னாத்தான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே அந்த ஸ்கோன்கள் எப்படி இருக்கின்றன என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாமல் தட்டில் ஏறி வெளியே போயின.

கூடம் சாப்பிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர்கள் முதல் கடி கடித்துவிட்டு ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள், அதற்கப்புறம் தலை குனிந்ததுதான். ஸ்கார்காரர்கள் ஆட்டு விலை பேசினார்கள். இந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று நெட்டாவுக்குத் தெரியவில்லை. போன இரண்டு மாதமும் எதையெதையோ அர்த்தம் பண்ணி ஏமாந்தவளுக்குத் தன் கண் மேலேயே நம்பிக்கை போயிருந்தது. தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. காலித் தட்டை நம்பலாமா? யார் பையில் போட்டுக்கொண்டார்களோ.

கடைசிக் கோப்பையையும் ஊற்றி முடித்து, சட்டைக் கையெல்லாம் நனைந்து, முகம் சிவந்து எஃபி வந்து சேர்ந்தாள். மேசையில் துழாவினாள். ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க என்னோடது?"

"என்னது?"

"ஸ்கோன்தான்!"

"எல்லாம் போயிருச்சே" என்றாள் நெட்டா. "ஒரு ஸ்கார்காரரு ரெண்டு எடுத்தாரு. பாதிரியார் மூணு எடுத்தாரு போல."

"போயிருச்சா?" எஃபியின் குரல் கூடத்தின் கடைசிவரை போயிற்று. "ரெண்டு மாசம் அந்த சோப்பையெல்லாம் தின்னு தீர்த்தது நான். இன்னிக்கு ஒரு நாள் வாசனை வாசல் வரைக்கும் வருது, ஒண்ணு, ஒரே ஒண்ணு, எஃபிக்குன்னு எடுத்து வைக்கத் தோணிச்சா ஒருத்தருக்காவது? பாதிரியாரே, மூணா? கடவுளுக்கே அடுக்குமா?"

பாதிரியார் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். ஜீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். ரகசியம் உடைந்துவிட்டது, அதுவும் ஸ்கார்காரர்கள் முன்னால். நெட்டா துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது, எதை முதலில் அடக்குவது என்று தெரியவில்லை.

எஃபி காலித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த துகள்களை ஈர விரலால் ஒற்றி ஒற்றி, ஒன்றுவிடாமல் வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறமும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.